நெடுகப் படுக்கப்படாது

என் வயதை ஒத்தவர்கள் கூடினால் உடல்நோய்களைப் பற்றிய பேச்சுத் தானாக வந்துவிடுகிறது. அண்மையில் முழங்காலில் அறுவை செய்துகொண்டு வந்த நண்பர் ஒருவர், மருத்துவர் நடக்கச் சொல்லியும் தமக்கு எழுந்து நிற்கவே அச்சமாக இருக்கிறது என்று சொன்னார். அங்கிருந்தவர்கள் என் பக்கம் திரும்பி, உன் காலின் கதையைச் சொல் என்றனர். அன்று நான் சொல்லவில்லை. அந்தக் கதை எங்கள் குடும்பத்தில் பலர் வாயிலும் புகுந்து பருத்துப்போயிருந்தது. ஒரு வடிவத்தில், பெருமழையில் உடைந்த பாலத்தைக் கடந்து அப்பா என்னைத் தோளில் தூக்கிச் சென்றார். நான் விசாரித்த அளவில் அந்தப் பருவத்தில் எந்தப் பாலமும் உடையவில்லை. இன்னொரு வடிவத்தில், தேயிலைத் தோட்டத்துத் துரை தம்முடைய காரில் என்னை ஏற்றி அனுப்பினார். நான் போனது தேயிலைப் பெட்டிகள் ஏற்றிய லொறியில். பெட்டியின் தகரப் பட்டை உரசிய தழும்பு முழங்கையில் இன்னும் இருக்கிறது.

ஆகவே ஒரு வரையறை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் உடம்பு நேரே அறிந்தவை, அல்லது என் தாயாரும், தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்ட பிள்ளைக்காம்பரா ஆயாவும் வெவ்வேறு காலங்களில் ஒன்றுபோலச் சொன்னவை ஆகியவற்றையே இங்கே தருகிறேன். உரையாடல்கள் முழுவதையும் சொல் பிசகாமல் நினைவில் வைத்திருப்பதாக நான் உரிமை பாராட்ட மாட்டேன். ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எனக்கு ஐயமில்லை. அது 'நெடுக' என்பது.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டைக் கடந்து பொகவந்தலாவைக்குப் போகும் சாலை வளைந்து வளைந்து ஏறும் சரிவில் எங்கள் தோட்டம் இருந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் தோட்டப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுமி. தேயிலைச் சரிவில் மழைநீர் ஓட வெட்டியிருந்த கானைத் தாண்டிக் குதிக்கும்போது விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே அடிபட்டது. முதலில் வீக்கம், பிறகு காய்ச்சல், பிறகு போர்வை பட்டாலும் அலறும்படியான வலி. எலும்புக்குள் சீழ் பிடித்திருக்கிறது என்று நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி, காலைத் திறந்து, எலும்பைச் சுரண்டிச் சீழை எடுத்தார்கள். முகத்தின்மேல் வைத்த துணியிலிருந்து வந்த, குமட்டும் இனிப்பு வாடைதான் அந்த அறுவையைப் பற்றி எனக்கு நேரே தெரிந்த ஒரே செய்தி. கண் விழித்தபோது காலின் இடத்தில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பெரும்பொதி கிடந்தது. அது என்னுடையதுதானா என்று தாதியைக் கேட்டேனாம். இதை அம்மா மட்டுமே சொல்லியிருக்கிறார். எனவே இதை நீங்கள் விட்டுவிடலாம்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் அம்மா என்னை இடுப்பில் ஏந்திக்கொண்டு மருந்தகத்துக்குப் போனார். தோட்டத்து மருந்தகத்தை நடத்தியவர் யாழ்ப்பாணத்தவர். முழு மருத்துவர் அல்லர். ஆயினும் எல்லோருக்கும் அவர் டாக்டர் ஐயாதான். வெளியே பெருங்கூட்டம். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்து, புதுத் துணி வைத்துக் கட்டினார்; வீட்டிலேயே மாற்றிக் கட்ட அம்மாவுக்குக் காட்டித் துணியும் கொடுத்தார். வெட்டுவாயில் திணித்திருந்த மஞ்சள் துணியின் நெடி மூக்கில் ஏறியது. கை கழுவிக்கொண்டே அம்மாவிடம் பேசினார்.

"காயம் நல்லா இருக்கு. பிள்ளை ஆறுதலா எழும்பட்டும். ஆனா நெடுகப் படுக்கப்படாது. விளங்கிச்சோ?"

"வெளங்குச்சுங்க ஐயா," என்றார் அம்மா.

அம்மாவுக்கு உண்மையில் விளங்கியிருந்தது. அதுதான் கொடுமை. ஒரு சொல்லாவது விளங்காமற் போயிருந்தால் அவர் திருப்பிக் கேட்டிருப்பார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் 'நெடுக' என்றால் நீளவாக்கில் என்று பொருள். சாலை நெடுக மரம், நிரை நெடுகக் கொழுந்து. ஆகவே, உடம்பை நீட்டிப் படுக்கக் கூடாது. 'ஆறுதலா' என்பதையும் புண் ஆறியபின் என்றே அவர் கொண்டார். அன்று மாலை அப்பா வேலையிலிருந்து வந்ததும் அம்மா செய்தி சொன்னார்.

"புண்ணு ஆறுன பின்னாடிதான் எந்திரிக்கணுமாங்க. அதுவரைக்கும் நெடுகப் படுக்க விடக் கூடாதாம். காலை நீட்டுனா உள்ளுக்க வெட்டுவாய் பிரிஞ்சிருமாம்."

அந்தக் கடைசி 'ஆம்' மருத்துவர் சொன்னதன்று. காரணம் இல்லாத கட்டளையாக ஒன்று இருக்கக் கூடாது என்று அம்மா தாமே ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்த கணத்திலிருந்து அதுவும் மருத்துவர் வாக்காகிவிட்டது.

அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடிகளை வெட்டித் தாழ்த்தும் வேலை. மறுநாள் அவர் மேல் சரிவிலிருந்து மானாப் புல்லை அறுத்து வந்து, ஒரு சாக்கில் அடைத்து, இரு பக்கமும் உருண்டு சரியாதபடி நடுவில் தையலிட்டார். அந்தச் சாக்கு என் முழங்கால்களின் கீழ் வந்தது. அதன்மேல் கால்கள் மடிந்து கிடந்தால் நான் விரும்பினாலும் நீட்ட முடியாது. அத்தனை கச்சிதமாக ஒரு பொருளை அவர் அதற்கு முன்னும் பின்னும் எனக்காகச் செய்ததில்லை. பச்சைப் புல்லின் வாசம் சில நாள் இருந்தது. பிறகு அதில் மருந்து நெடி ஏறிக்கொண்டது.

தூக்கத்தில் கால் தானாக நீளும் என்று அம்மா அஞ்சினார். பழைய சேலையின் கரையைக் கிழித்து, தொடையையும் கணுக்காலையும் சேர்த்துத் தளர்வாகக் கட்டினார். தளர்வாகத்தான், தோலில் தடம் விழாமல் ஒரு விரல் நுழைய இடம் விட்டே கட்டினார். உங்களில் எவருக்காவது காலை நீட்ட வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பெரிய ஆசை என்று தெரியுமா? பசி, தாகம் போன்று அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. தகரக் கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு, மடிந்த காலின் தசைகள் ஒவ்வொன்றாக இறுகுவதை உணர்ந்துகொண்டு கிடப்பேன். "அம்மா, ஒரே ஒரு தடவ," என்பேன். "வேணாம் பாப்பா. இம்புட்டு நாள் பொறுத்தாச்சு. கெடுத்துக்காத," என்பார். சில நாள் கழிந்தபின் நீட்டும் ஆசை தானே குறைந்தது. அம்மா அதைப் புண் ஆறுவதன் அறிகுறியாக எண்ணி மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன்.

அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், அன்று கொழுந்தெடுக்க வேண்டிய மலையைக் கேட்டு நிற்கும் பெண்களோடு நிற்காவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. பகலில் லயம் வெறிச்சோடிப்போகும். ஆகவே என்னையும் என் தம்பியோடு பிள்ளைக்காம்பராவில் விட்டார்கள். கொழுந்தெடுக்கும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்ளும் ஒற்றை அறைக் கட்டடம் அது. கூரைச் சட்டத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். புளித்த பால், ஈரத்துணி, சாம்பிராணி மூன்றும் கலந்த வாடை.

ஆயா என்று நாங்கள் அழைத்தவர் நடுவயதுப் பெண்; பருத்த குரல்; பிள்ளைகளைவிடத் தாய்மாரையே மிகுதியாக அதட்டுவார். என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தார்.

"இதென்னடி, பல்லு மொளைச்ச புள்ளையெல்லாம் தூக்கியாறீங்க. இதுக்கும் பால் கரைக்கணுமா?"

"நெடுக மட்டும் படுக்க விட்றாதக்கா. ஐயா சொல்லியிருக்காரு," என்றார் அம்மா.

"ஐயா சொல்லாட்டியும் இங்க நெடுகப் படுக்க எடம் ஏது," என்றார் ஆயா.

சுவரோரம் சாக்கின்மேல் கால் மடக்கி நான் உட்கார்ந்திருந்தேன். என்னெதிரே தம்பி எழுவதும் விழுவதுமாக நடை பழகினான். அவன் தொட்டில் துணியைப் பற்றி நின்ற நாளில் ஆயா கைதட்டினார். நானும் கைதட்டினேன். புண் அநேகமாக மூடியிருந்தது, காய்ச்சல் இல்லை, ஆனால் கால் கட்டை அவிழ்த்தபோதும் மடங்கியே நின்றது. அதை எவரும் பேசவில்லை.

டாக்டர் ஐயா பிள்ளைக்காம்பராவைப் பார்வையிட வருவது வழக்கம். அவர் வந்த அந்த முற்பகலில் தாய்மார் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கியிருந்தார்கள். அம்மாவும் கூடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தம்பியை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஐயா என்னைப் பார்த்து நின்றார். "என்ன பிள்ளை, இன்னும் குந்திக்கொண்டு இருக்கிறாய். காலை நீட்டு பாப்பம்."

"நீட்டக் கூடாதுங்க ஐயா," என்றேன்.

"ஆர் சொன்னது?"

"நீங்கதாங்க."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பாராட்டை எதிர்பார்ப்பவர்போல நிமிர்ந்து, "நீங்க சொன்ன நாள்லேருந்து ஒரு பொழுதும் நெடுகப் படுக்க விடலைங்க ஐயா. தூங்கையிலகூடத் துணியால கட்டித்தாங்க வச்சிருக்கேன்," என்றார்.

"கட்டி வைச்சனீங்களோ. என்னத்துக்கு?"

"கால நீட்டிறக் கூடாதுன்னுதாங்க."

"நான் நெடுகப் படுக்கப்படாது எண்டு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நெடுக எண்டா எந்த நேரமும். எந்த நேரமும் படுத்துக் கிடக்கப்படாது, ஆறுதலா, மெல்ல மெல்ல எழும்பி நடக்க வேணும் எண்டெல்லோ சொன்னனான்."

"நெடுகன்னா நீட்டமான்னுதானுங்களே," என்றார் அம்மா.

"ரோடு நெடுக, கான் நெடுக. நாங்க அப்படித்தாங்க ஐயா சொல்லுவோம்," என்றார் ஆயா.

"எங்கட பக்கம் நெடுக மழை எண்டா விடாத மழை."

வெளியே அப்போது பெய்துகொண்டிருந்ததும் அதுதான். தம்பி பால் குடிப்பதை விட்டுத் தலையைத் திருப்பினான். அம்மா மார்பை மூட மறந்து உட்கார்ந்திருந்தார். பின், "அப்ப எம் புள்ள கால நாந்தான் மடக்குனேனா," என்று கேட்டார். ஐயாவைக் கேட்டாரா, ஆயாவைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஐயா, பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பலகையில் முழங்கால் மார்பைத் தொட அமர்ந்து, என் காலைப் பிடித்துப் பார்த்தார். அது ஓரளவுக்குமேல் நீள மறுத்தது.

அவர் சொன்னதன் சாரம் இது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்தவர் என்னை மீண்டும் பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கால் நிலத்தில் ஊன்றாவிட்டால் திரும்பவும் வெட்டித்தான் நீட்ட வேண்டியிருக்கும். சுரண்டி மெலிந்த எலும்பு அதைத் தாங்குமா என்பது அவருக்குத் தெரியவில்லை.

அன்று மாலை அப்பா கவ்வாத்துக் கத்தியால் அந்தச் சாக்கின் தையலை அறுத்து, புல்லை லயத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினார். அயல் வீட்டுப் பசுவுக்காவது ஆகட்டும் என்றார். மருந்து நெடியை முகர்ந்த பசு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. அம்மா அழுததை நான் பார்க்கவில்லை. ஆனால் அதன்பின் அவர் வாயிலிருந்து 'நெடுக' என்ற சொல்லை நான் கேட்டதேயில்லை. நிரையைச் சொல்லும்போதுகூட 'நீட்டுக்க' என்று சுற்றிச் சொல்லுவார்.

கொழுந்தெடுக்கும் பெண்களிடம் மட்டக்கம்பு என்று ஒன்று இருக்கும். செடிகளின் தலைமேல் அந்த மெல்லிய கம்பைக் கிடத்தி, அதற்கு மேலே நீண்ட கொழுந்தை மட்டும் கிள்ளுவார்கள். அப்போதுதான் மலை முழுதும் ஒரே மட்டமாக இருக்கும். அம்மா தம் மட்டக்கம்பை மாலைதோறும் கழுவிக் கொண்டுவந்து, தரையில் என்னைக் கிடத்தி, தொடைக்கடியிலிருந்து குதிகால்வரை அதை வைப்பார். முழங்காலின் பின்புறத்துக்கும் கம்புக்கும் இடையில் விளக்கொளி தெரியும். முதல் மாலையில் அவருடைய மூடிய கை அந்த இடைவெளிக்குள் தடையின்றிப் போய் வந்தது.

"செடிய மட்டத்துக்குக் கொண்டாற வருசமாகும். இது காலுதான. வந்திரும்," என்றார். அவர் முகத்தில் அந்த நம்பிக்கை இருக்கவில்லை.

இனிமேல் படுத்துக்கிடக்கக் கூடாது என்பது புதிய சட்டமாயிற்று. பிள்ளைக்காம்பராவில் ஆயா என்னைத் தூக்கி நிறுத்தி, முதல் தொட்டிலின் கயிற்றைக் கையில் கொடுத்தார். இடது காலில் நின்று, வலது பாதத்தின் நுனியை மட்டும் தரையில் வைத்து, அந்தத் தொட்டிலிலிருந்து அடுத்த தொட்டிலுக்கு எட்டிப் பிடிப்பேன். என் பாரத்தில் தொட்டில் ஆடும். உள்ளே கிடக்கும் பிள்ளை ஆடும். வரிசையின் முடிவுக்குப் போய்த் திரும்பினால் அறை முழுதும் ஆடிக்கொண்டிருக்கும்.

"நல்லாத் தூங்குதுக இன்னிக்கு," என்பார் ஆயா. "நீ பாட்டுக்குப் போ. நொண்டுறவ ஆட்டுனாலும் தொட்டி ஆடத்தான செய்யும்."

நான் போனேன். வலித்தது, கண்ணில் நீர் கட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். தொட்டிலில் இருந்த பிள்ளைகள் என்னை வழக்கத்துக்கு மாறாகப் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த உலகில் எல்லோரும் தடுமாறித்தான் நடந்தார்கள். தம்பி என்னைப் பின்தொடர்ந்து தவழ்ந்து, பிறகு பின்தொடர்ந்து நடந்து, பிறகு என்னைக் கடந்து போனான். மாலையில் கம்பை வைத்தபோது அம்மாவின் கை நுழைய முடியாமல் நின்றது. விரல்கள் மட்டும் போயின. அன்று அவர் எனக்குத் தேங்காய்ச் சில்லு ஒன்று தந்தார்.

அந்த மகிழ்ச்சியில் நாங்கள் எல்லோரும் அறிவிழந்தோம். அம்மா காலையில் பெரட்டுக்கு முன் என்னை நடக்கவைத்தார். ஆயா பகல் முழுதும் நடக்கவைத்தார். மாலையில் அப்பா என்னை இஸ்தோப்புத் திண்ணையில் கைப்பிடித்து நடக்கவைத்தார். நானும் ஓய மறுத்தேன். முன்பு ஒரு சொல்லுக்கு அளவு மீறிப் பணிந்தோம். இப்போது அதன் மறுபொருளுக்கு அளவு மீறிப் பணிந்தோம். ஒரு நாள் ஆயா என் கால் துணியைக் காட்டி, "இதென்ன பாப்பா," என்றார். மஞ்சள் வட்டம் ஒன்று, ஓரத்தில் செம்மையோடு, கசிந்திருந்தது.

அம்மாவுக்கு ஆள் போயிற்று. கூடையை எடுத்துச் சுமந்தபடியே வந்து என்னைத் தூக்கினார். கூடையில் பாதிக் கொழுந்து. அதன் ஈரம் என் கன்னத்தில் பட்டது. டாக்டர் ஐயா துணியைப் பிரித்துப் பார்த்தார். ஊசி போட்டார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவை அதில் உட்காரச் சொன்னார். மருந்தகத்தில் கூலிப் பெண் ஒருத்தி நாற்காலியில் உட்காருவது வழக்கமில்லை. அம்மா விளிம்பில் அமர்ந்தார்.

"நான் சொல்லுறதை நீங்கள் உங்கட சொல்லிலை திருப்பிச் சொல்ல வேணும். புண் காயுமட்டும் பிள்ளை நிக்கப்படாது. படுத்தபடி காலை நீட்டி மடக்க வேணும். ஒருநாளும் விடப்படாது. சொல்லுங்கோ."

"புண்ணு காயுற வரைக்கும் நிக்கக் கூடாது. படுத்துக்கிட்டே நீட்டணும், மடக்கணும். தெனமும் செய்யணும். நீட்டணும்னா நீட்டமா."

"ஓம். நீட்டமா. இன்னும் ஒண்டு. சீழ் திரும்ப எலும்புக்குள்ளை இறங்கினா, காலை வைச்சிருக்க ஏலாது. எடுக்கத்தான் வேணும். அதையும் சொல்லுங்கோ."

அம்மா தலையை ஆட்டினார். "அத மட்டும் சொல்ல மாட்டேங்க ஐயா."

ஐயா வற்புறுத்தவில்லை.

அன்றுமுதல் அவர் தோட்டத்தில் எவருக்கும் மருந்து கொடுக்கும்போது திருப்பிச் சொல்லக் கேட்கலானார். லயங்களில் அது பெரிய கேலியாயிற்று. "இனிமே தலவலின்னு போனாலும் பாடம் ஒப்பிச்சாத்தான் மாத்திரையாம்," என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் எவரும் சிரிக்கவில்லை.

இனி வரும் பகுதியை விரித்து எழுத மனமில்லை. தரையில் கிடப்பேன், அம்மா என் தொடையின்மேல் தம் முழங்காலை ஊன்றி, கணுக்காலைப் பிடித்து மெல்ல அழுத்துவார். சுட்ட உப்பை மூட்டை கட்டி முழங்காலின் பின்புறம் வைப்பார். புண் இருந்த பக்கத்தைத் தொடாமல் வைப்பார். நான் அவருடைய கையைக் கடித்திருக்கிறேன். லயத்தின் சுவர் மெல்லியது. அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்து குரல் வரும்.

"ஏண்டி, அந்தப் புள்ளையப் போட்டு ஏண்டி கொல்றே?"

"கொல்லலக்கா. நேராக்குறேன்."

ஒரு மாலை நான் அப்பாவைப் பார்த்து, "டாக்டரய்யாகிட்ட கால வெட்டிறச் சொல்லுங்கப்பா. எனக்கு வேணாம்," என்றேன். உண்மையாகவே வேண்டாம் என்றுதான் சொன்னேன். அப்பா எழுந்து வெளியே போய் மழையில் நின்றார். உள்ளே வந்தபோது அம்மாவை எழுப்பி அப்பால் உட்காரவைத்து, தாமே என் கணுக்காலைப் பிடித்தார். அவர் கைகளில் இரும்பும் பச்சை மரப்பட்டையும் மணத்தன. அவருக்கு எவ்வளவு அழுத்துவது என்று தெரியவில்லை. "நீயே சொல்லு பாப்பா. எம்புட்டுன்னு நீயே சொல்லு," என்றார். அதுவரை எவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "இன்னும் கொஞ்சம்," என்றேன். வலி உச்சிக்கு ஏறியது. "இன்னும்," என்றேன். அன்றிலிருந்து அழுத்தம் என் வாயால்தான் நடந்தது. பகலில், ஆயாவின் சாக்கில் படுத்தபடி, ஒருவரும் தொடாமலே நானே நீட்டி மடக்கினேன். கசிவு ஒரு நாள் இருக்கும், மறுநாள் இராது, அடுத்த நாள் மீண்டும் இருக்கும். காலையில் துணியைப் பிரிக்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நான் கூரையைப் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் துணி உலர்ந்திருந்தது. கம்புக்கும் முழங்காலுக்கும் இடையில் அம்மாவின் ஒரு விரல் போயிற்று. அதற்குக் கீழ் அது இறங்கவேயில்லை.

அறுவை செய்த பெரிய மருத்துவர் ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். அவர் வெள்ளைக்காரரா, பறங்கியரா என்பதில் அம்மாவும் ஆயாவும் உடன்படவில்லை; ஆயா அங்கே வரவும் இல்லை. மருத்துவர் என்னை மேசையில் கிடத்தி முழங்காலை அழுத்தினார். பிறகு அறையின் குறுக்கே நடக்கச் சொன்னார். கசிவு நின்றபின் நான் எழுந்து நிற்கத் தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. பிடிக்கத் தொட்டில் கயிறு இல்லை. நடந்தேன். குதிகால் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் வந்தது. அவர் தாதியிடம் சில சொற்கள் சொன்னார். தாதி உதவியாளரிடம் சிங்களத்தில் சொன்னார். உதவியாளர் அம்மாவிடம் வந்து, சிங்களம் கலந்த தமிழில் சொன்னார்.

"கால் இனி ஹரியாகாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வேற ஒண்ணும் செய்யிறது இல்ல."

அம்மா என்னைத் தூக்கிக்கொள்ளக் குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்தார். வெறுங்காலோடு, ஈரச் சேலையோடு, அந்த மேசைக்கும் கதவுக்கும் நடுவில் நின்றார்.

"இந்தப் பெரிய ஐயா சொன்னத நான் திருப்பிச் சொல்றேன். சரியான்னு அவருகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. கால் ஒதவாது. புள்ள நடக்காது. இதானே?"

"அம்மே, ஆள் நெறைய இருக்கு. போங்க," என்றார் உதவியாளர்.

"கேட்டுச் சொல்லுங்க. நான் போயிர்றேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் அம்மாவின் தோளைத் தொட்டு விலகச் சொன்னார். அம்மா விலகவில்லை. "ஒருக்கா வெளங்குச்சுன்னு சொல்லிட்டுப் போய்த்தான் இப்படி ஆச்சு," என்றார், எவரிடமும் அல்லாமல். பெரிய மருத்துவர் தலைநிமிர்ந்து என்ன என்று கேட்டார். உதவியாளரைக் கேட்டுத் தாதி சொன்னார். மருத்துவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். என்னை மறுபடி கிடத்தி, முழங்காலின் கீழே தம் விரலை நுழைத்துக் காட்டினார். அந்த விரலைச் சுட்டி, கையை அசைத்தார்: இவ்வளவு போகாது. பிறகு வெட்டுவதுபோல் கையை வைத்து, தலையை ஆட்டினார்: இனி வெட்ட வேண்டாம். பிறகு இரண்டு விரல்களை மேசைமேல் கால்கள்போல் நடக்கவிட்டார். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கவிட்டார்.

அம்மா திருப்பிச் சொன்னார். "இம்புட்டு வளைவு நிக்கும். வெட்ட வேணாம். புள்ள நடக்கும்."

உதவியாளர் வழியாகத் தாதி அதை மொழிபெயர்த்தார். மருத்துவர், ஆம் என்றார். அம்மா, "இன்னொருக்கா கேளுங்க," என்றார். மீண்டும் கேட்கப்பட்டது. மீண்டும் ஆம் என்றார். அதன்பின்தான் அம்மா அந்த இடத்தைவிட்டு நகர்ந்தார். வாசல்வரை என்னைத் தூக்கவில்லை. நான் முன்னால் நடக்க, அவர் பின்னால் வந்தார்.

சரிபார்க்க முடிந்தவை இவ்வளவே. டாக்டர் ஐயா சில காலத்துக்குப்பின் மாற்றலாகிப் போனார்; எங்கே போனார், அங்கேயும் நோயாளிகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னாரா என்பது தெரியாது. அந்தச் சொல்லைப் பற்றி அம்மா தம் இறுதிவரை என்னிடம் பேசவில்லை. தம்மை அவர் மன்னித்துக்கொண்டாரா என்பது தெரியாது. என் வலது முழங்காலில் ஒரு விரலளவு வளைவு இன்றும் இருக்கிறது. அதில் எவ்வளவு நோயினால் வந்தது, எவ்வளவு மடக்கி வைத்ததால் வந்தது என்று பிற்காலத்தில் மருத்துவர்கள் சிலரைக் கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை.